நின்ற மரம் ஏன் சாய்ந்தது?

ஐப்பசி மாதத்துப் பிற்பகல் ஒன்று. நான்கு நாட்கள் விடாது பெய்த மழை ஓய்ந்து வெயில் மெல்லத் தலைகாட்டிய நேரம். கள்ளக்குறிச்சிக்கு அருகே சாலையோரம் நின்ற பழம்பெரும் புளிய மரமொன்று, இலையும் அசையாத அந்த அமைதியில், வயல் பக்கமாக வேரோடு சாய்ந்தது. காற்றில்லை, இடியில்லை, மோதிய வாகனமும் இல்லை. அதன் நிழலில் அவ்வேளை எவரும் இல்லாதது இறைவனின் அருள். என் இளமையில் நான் கண்ட காட்சி இது.

ஊரார் கூடினர். “கண்ணேறு பட்டுவிட்டது” என்றார் ஒருவர். “மரத்தில் குடியிருந்தது வெளியேறிவிட்டது” என்றார் மற்றொருவர். நேற்றுவரை பச்சைப் பசேலென்று தழைத்து, சென்ற பருவத்திலும் குறைவின்றிக் காய்த்த மரம் இப்படி விழுமா என்பதே அனைவரின் வியப்பும்.

அக்கூட்டத்தில் மரச்சிற்பத் தொழில் செய்யும் முதிய ஆசாரி ஒருவர் இருந்தார். அவர் கிளைகளைப் பார்க்கவில்லை. நேரே வேர்ப் பள்ளத்தருகே சென்று குனிந்தார். சாலைப் பக்கத்துப் பெருவேர்கள் அனைத்தும் ஓரிரு அடி நீளத்திலேயே நின்றுபோயிருந்தன. அவற்றின் முனைகள் கறுத்து, விரலால் அழுத்தினால் உதிரும் நிலையில் இருந்தன. ஆசாரி என் பக்கம் திரும்பினார். “இது இன்னைக்கு விழல, பாய். விழுந்து பத்து வருஷமாச்சு. இன்னைக்குத்தான் படுத்திருக்கு” என்றார்.

சாலையை அகலப்படுத்தியபோது மரத்தை ஒட்டி வாய்க்கால் வெட்டப்பட்டது அப்போதுதான் பலருக்கும் நினைவு வந்தது. அந்தச் சம்பவத்திற்கு மறுபாதி ஒன்றும் உண்டு. அதை இறுதியில் சொல்கிறேன். அதற்குமுன் ஆசாரியின் சொல் எவ்வளவு உண்மை என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வோம்.

நிழல் தந்த கைகள்

வழிப்போக்கருக்காக மரம் நடுவது நம் நாட்டின் தொன்மையான அறம். சாலையோரங்களில் ஆலமரங்களை நடச் செய்ததாக அசோகர் தம் ஏழாம் தூண் கல்வெட்டில் பொறித்து வைத்தார். 1540 முதல் 1545 வரை தில்லியை ஆண்ட ஷேர்ஷா சூர், வங்கத்துச் சோனார்காவிலிருந்து சிந்து நதி வரை சென்ற பெருவழியில் நிழல் மரங்களை நட்டு, இடையிடையே சராய்களையும் கட்டினார். அவர் ஆண்டது ஐந்தே ஆண்டுகள். அவருடைய சாலையோ நூற்றாண்டுகளைக் கடந்தது. தமிழகத்தில் 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயர், தென்மாவட்டத்துச் சாலைகளில் ‘மங்கம்மாள் சாலை’ என்று இன்றும் வழங்குகிறது.

அந்த மரபில் வந்தவையே சேலத்திலிருந்து ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி வழியாக உளுந்தூர்ப்பேட்டை செல்லும் பாதையின் இருமருங்கும் நின்ற புளிய மரங்கள். நிழலும் தந்து, ஆண்டுதோறும் ஏலத்தில் விடப்பட்ட புளியால் வருவாயும் தந்தவை அவை. அவற்றை நட்டவர்கள் மனக்கண்ணில் கண்டது மாட்டு வண்டி செல்லும் மண் பாதையை. மரத்தின் வேர் பாதைக்குக் கீழே தடையின்றி ஓடலாம். மழை நீர் அங்கேயே இறங்கும். கிளை வண்டிக்கு மேலே குடை பிடிக்கும். பின்னர் பாதை தார்ச் சாலையானது. தார்ச் சாலை அகன்றது. ஓரத்தில் வடிகால் வந்தது. குடிநீர்க் குழாய் வந்தது. தொலைபேசிக் கம்பி மண்ணுக்குள் புதைந்தது. அவை ஒவ்வொன்றும் வந்தபோது மண் தோண்டப்பட்டது. மண்ணைத் தோண்டிய மண்வெட்டி வேரைக் கண்டு விலகிச் சென்றதில்லை. இறுதியில் நான்குவழிச் சாலை வந்தபோது, அந்தப் புளிய மரங்களில் மிகப்பல அடியோடு வெட்டப்பட்டன. எஞ்சியவை நிற்கின்றன, ஆனால் எப்படி நிற்கின்றன?

மரம் நிற்கும் விதம்

மரத்தைப் பற்றிய பொதுக் கருத்து ஒன்று நம்மிடையே உண்டு. மேலே எவ்வளவு உயரமோ கீழேயும் அவ்வளவு ஆழம் என்பதே அது. பிழையான கருத்து. முளைக்கும்போது நேர்கீழாக இறங்கும் ஆணிவேர் பெரும்பாலான மரங்களில் வயது ஏற ஏற முதன்மையை இழந்துவிடுகிறது. முதிர்ந்த மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டு மூன்று அடிக்குள்ளேயே பரவிக் கிடக்கும். அகலத்திலோ, கிளைகளின் நிழல் விழும் வட்டத்தையும் கடந்து ஓடும். ஆழக் குழியில் நட்ட தூண் போன்று மரம் நிற்பதில்லை. அகன்ற அடித்தட்டின் மேல் வைத்த குத்துவிளக்கைப் போலவே நிற்கிறது.

அந்தத் தட்டில் இரண்டு வகை வேர்கள் உண்டு. தண்டைச் சுற்றிச் சில அடி தூரத்திற்குள் இருக்கும் பருத்த வேர்கள் தாங்குபவை. அதற்கப்பால் மயிரிழை போல் மெலிந்து செல்பவை நீரையும் சத்தையும் உறிஞ்சுபவை. காற்று ஒரு திசையிலிருந்து தள்ளும்போது, அத்திசையிலுள்ள தாங்குவேர்கள் கூடாரத்துக் கயிறுகளைப் போல இழுத்துப் பிடிக்கின்றன. எதிர்த் திசை வேர்கள் கீலைப் போல மடிந்து தாங்குகின்றன. இழுத்துப் பிடிக்கும் கயிற்றை அறுத்துவிட்டால் கூடாரம் எந்தப் பக்கம் சரியும்? அறுபட்ட பக்கத்திற்கு எதிர்ப்புறம்தான். சாலைப் பக்கத்து வேரை இழந்த அந்தப் புளிய மரம் வயல் பக்கம் சாய்ந்ததன் காரணம் இதுவே.

அன்று காற்றில்லையே என்று கேட்கலாம். மழை இருந்ததே! காய்ந்த மண் வேரை இறுகப் பற்றும். நீர் ஊறிய மண் குழைந்து பிடியைத் தளர்த்தும். நனைந்த இலைகளின் பாரமும் மேலே கூடும். ஆகவேதான் மழையின்போது தாக்குப்பிடித்த மரம் சில வேளைகளில் மழை விட்டபின் விழுகிறது. 2024 நவம்பர் 30 அன்று புதுவைக்கு அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்டங்களைப் பெருமழையில் மூழ்கடித்தது. அத்தகைய நாட்களில் மண்ணின் பிடி எவ்வளவு தளரும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உள்ளே நடக்கும் அரிப்பு

வெட்டுண்ட வேர் உடனே மரத்தைக் கொல்வதில்லை. இங்குதான் ஏமாற்றம் தொடங்குகிறது. மனிதனுக்குப் புண் ஏற்பட்டால் பழுதுபட்ட தசை புதுப்பிக்கப்படும். மரத்திற்கு அந்த வரம் இல்லை. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்னும் அறிஞர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்து ஆராய்ந்து இதை விளக்கினார். மரம் புண்ணைக் குணப்படுத்துவதில்லை. அதைச் சுற்றி மதில் எழுப்பி, கேடு பரவாமல் அடைத்துவிட்டு, மதிலுக்கு வெளியே புதிய மரத்தை வளர்த்துக்கொள்கிறது. மதில் உறுதியாயின் மரம் தப்பும். புண்கள் அடுத்தடுத்து வந்தால் மதில்கள் தகர்ந்து, பூஞ்சை உள்ளே நுழைந்துவிடும்.

தஞ்சைத் தென்னந்தோப்புகளில் ‘தஞ்சாவூர் வாடல்’ என்று பெயர் பெற்ற நோயை வாசகர்கள் அறிவர். அதற்குக் காரணமான கானோடெர்மா என்னும் பூஞ்சையினம் வேறு பல மரங்களின் வேரையும் அடித்தண்டையும் தின்னக்கூடியது. அது உள்ளே தின்றுகொண்டிருக்க, மேலே இலைகள் பசுமையாகவே இருக்கலாம். ஏனெனில் நீர் ஏறுவது பட்டையை அடுத்த வெளிமரத்தின் வழியே. நடுமரம் மரத்தைத் தாங்குவதே அன்றி உணவூட்டுவதன்று. எனவே உணவு தடைப்படாமலேயே ஊன்றுகோல் உளுத்துப்போகும். பச்சை மரம் திடீரென விழுகிறதே என்னும் வியப்பிற்கு விடை இதுதான்.

இதைப் படிக்கும் எந்த முஸ்லிமுக்கும் நபி சுலைமான் (அலை) அவர்களின் கைத்தடி நினைவுக்கு வராமல் இராது. தடியில் சாய்ந்து நின்ற நிலையிலேயே அவர்கள் உயிர் பிரிந்தது. அவர்கள் நிற்கிறார்கள் என்றே எண்ணிய ஜின்கள் தம் வேலையை நிறுத்தவில்லை. பூமியின் சிறு பூச்சி தடியை அரித்து முடித்து உடல் சாய்ந்த பிறகே உண்மை வெளிப்பட்டது. திருக்குர்ஆனின் ஸபா அத்தியாயம் கூறும் அந்த வரலாறு, மறைவானதை அறியும் ஆற்றல் ஜின்களுக்கு இல்லை என்பதை உணர்த்த வந்தது. நிற்பது ஒன்றே நலத்திற்குச் சான்றாகாது என்னும் படிப்பினையையும் நாம் அதில் கற்கலாம்.

ஆயினும் ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். பொந்து விழுந்த மரமெல்லாம் விழப்போகும் மரமன்று. மூங்கில் உள்ளீடற்றது, அதனால் அது வலுவற்றதா? குழாய் வடிவம் வளைவதைத் தாங்கும். ஜெர்மானிய அறிஞர் கிளாவுஸ் மாத்தெக் முறிந்த மரங்களையும் முறியாத மரங்களையும் ஒப்பிட்டு ஒரு கணக்குக் கண்டார். தண்டின் ஆரத்தில் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்குக்கேனும் நல்ல மரம் சுவராக எஞ்சியிருந்தால் முறியும் ஆபத்துக் குறைவு என்றார். இரண்டடி ஆரமுள்ள தண்டுக்கு ஏழு அங்குலச் சுவர் என்று கொள்ளலாம். இது வழிகாட்டி மட்டுமே. பொந்தின் வாய் அகன்றிருந்தாலோ வேர் அழுகியிருந்தாலோ இந்தக் கணக்குத் துணை செய்யாது.

சாய்ந்த பெருமரங்கள்

வரலாறு குறித்து வைத்த வீழ்ச்சிகள் சில உண்டு. கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹௌரா சிப்பூரில் 1787இல் அமைந்த தாவரவியல் பூங்காவின் பேராலமரம் உலகப் புகழ் பெற்றது. 1864ஆம் ஆண்டிலும் 1867ஆம் ஆண்டிலும் வீசிய புயல்கள் அதை முறித்துக் காயப்படுத்தின. காயத்தின் வழியே பூஞ்சை புகுந்தது. அடிமரம் அழுகியது. 1925இல் அதை அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. புயலுக்கும் முடிவுக்கும் இடையே கழிந்தவை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள்! அடிமரம் மறைந்தும், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகளை ஊன்றி அந்த ஆல் இன்றும் வாழ்கிறது.

சென்னை அடையாற்றில், பிரம்மஞான சபையின் தோட்டத்து ஆலமரமும் அவ்வாறே. ஏறத்தாழ 450 ஆண்டு வயதுடையதெனக் கூறப்படும் அதன் அடிமரம் 1989இல் புயற்காற்றில் சாய்ந்தது. விழுதுகளே இன்று மரமாக நிற்கின்றன. ஆலுக்கு விழுது உண்டு. புளிக்கும் வேம்புக்கும் அந்த வாய்ப்பு ஏது?

புயலே இன்றி விழுந்ததற்கும் சான்றுண்டு. போர்த்துக்கலைச் சேர்ந்த மதீராத் தீவில் 2017 ஆகஸ்ட் 15 அன்று, கிறிஸ்தவத் திருவிழாவுக்காக மக்கள் குழுமியிருந்த இடத்தில் இருநூறாண்டுப் பழமையான கருவாலி மரமொன்று சாய்ந்தது. 13 பேர் மாண்டனர். மரம் முன்னறிவிப்பின்றி விழுந்தது என்று நாம் சொல்லும்போது, நாம் அறிவிப்பைப் படிக்கவில்லை என்பதே பல வேளைகளில் பொருளாகும்.

நம் பகுதிப் புயல்கள் இன்னும் கடுமையான பாடம் நடத்தின. 2011 டிசம்பர் 30 விடியலில் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் கரையேறிய தானே புயல், பண்ருட்டிப் பகுதியின் பலாத் தோப்புகளையும் முந்திரிக் காடுகளையும் சாய்த்தது. தாத்தா நட்டுப் பேரன் பறித்த பலா மரங்கள் அவை. 2016 டிசம்பர் 12இல் சென்னையைத் தாக்கிய வர்தா புயலில், மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோகரும் அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்த தூங்குமூஞ்சி மரமும் பெருமளவில் முறிந்தன. விரைந்து வளர்ந்து அகன்ற குடை விரிக்கும் மரங்கள் அவை. எனினும் அயல்நாட்டு மரம் என்பதால் மட்டும் அவை விழுந்தன என்பது முழு உண்மையன்று. அன்று வேம்பும் விழுந்தது. நடைபாதைச் சிமெண்டின் நடுவே, ஓர் அடிச் சதுரக் குழியில் நிற்கும் மரம் எந்நாட்டு மரமாயினும் எதைப் பற்றி நிற்கும்?

2018 நவம்பர் 16இல் நாகைக்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையேறிய கஜா புயலை அதிராம்பட்டினத்து, முத்துப்பேட்டைக் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டா. பல லட்சம் தென்னைகள் ஓரிரவில் வீழ்ந்தன. மகளின் திருமணத்தையும் மகனின் படிப்பையும் அந்தத் தோப்புகளை நம்பித் திட்டமிட்டிருந்தவர்கள் எத்தனை பேர்! அத்தகைய பெரும்புயலின் முன் நலமுள்ள மரமும் தோற்கும். மனிதன் பொறுப்பேற்க வேண்டியது அதற்கன்று. இளங்காற்றுக்கும் சாயும்படி மரத்தை ஆக்கிவைப்பதற்கே.

மலை சொல்லும் பாடம்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீலநிறச் சுவராகத் தெரியும் கல்வராயன் மலையிலும் மரங்கள் விழுகின்றன. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு கூறுகளாகக் கிடக்கும் அம்மலைகள் 1976 வரை மூன்று ஜாகிர்களின் ஆளுகையில் இருந்தன. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் பழங்குடியினர் தம்மை மலையாளிகள் என்பர். மலையை ஆள்வோர் என்பது அப்பெயரின் பொருள். கேரளத்தாரை அது குறிக்காது. கடுக்காயும் புளியும் தந்து அவர்களை வாழ்விப்பது மரமே.

காட்டில் முதுமரம் விழுவது கேடன்று. அது விழுந்த இடைவெளியில் வெயில் இறங்குகிறது. நிழலில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த கன்றுகள் எழுகின்றன. மட்கிய மரம் மண்ணுக்கு உரமாகிறது. மேலும், காட்டு மரம் தனியே நிற்பதில்லை. அண்டை மரங்கள் காற்றின் வேகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தத் துணையில் வளர்ந்த மரம் ஒல்லியாகவும் உயரமாகவும் இருக்கும். சாலைக்காகவோ கட்டடத்துக்காகவோ சுற்றியுள்ளவற்றை வெட்டிவிட்டு ஒன்றை மட்டும் விட்டுவைத்தால், அதுவரை அறியாத காற்றின் முழு வேகத்தையும் அது தனியே எதிர்கொள்ள நேரிடும். தப்பவிட்டோம் என்று நாம் எண்ணிய மரமே அடுத்த மழைக்காலத்தில் விழுந்து கிடக்கும். ஜமாஅத்தைப் பிரிந்த மனிதனின் நிலையும் இதுதானே!

படிக்க வேண்டிய அடையாளங்கள்

மரம் தன் நோயைச் சொல்லாமல் இருப்பதில்லை. அடிமரத்தை ஒட்டியோ வேர் ஓடும் வழியிலோ காளானும், காது மடல் போன்ற கெட்டியான பூஞ்சைத் தட்டும் தோன்றும். நேராக நின்றது அண்மையில் சாயத் தொடங்கியிருக்கும். சாய்வுக்கு எதிர்ப்புறம் மண் மேலெழும்பி வெடித்திருக்கும். உச்சிக் கொம்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகும். சுத்தியலால் தட்டினால் பறையொலி கேட்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அறிந்தவரை அழைத்துக் காட்ட வேண்டும்; மரத்தின் கீழே பிள்ளைகளை அமர்த்தக் கூடாது.

நாம் செய்யாமல் இருக்க வேண்டியவையும் உண்டு. பள்ளிவாசல் முற்றமோ, மதரஸா வாசலோ, வீட்டுத் தோட்டமோ, அடிமரம் வரை சிமெண்ட் பூசலாகாது. மண்ணைக் கொட்டி மேடாக்கினால் வேர் மூச்சு முட்டும். குழாய் பதிக்க மரத்தை ஒட்டிப் பள்ளம் தோண்டலாகாது. மின்கம்பிக்காக ஒருபுறத்தை மட்டும் வெட்டி மரத்தை நிலைகுலையச் செய்வதும், தலையை மொட்டையடிப்பதும் தவறு. மொட்டையடித்த புண்ணில் அழுகல் புகும். அங்கிருந்து கிளம்பும் புதுக் கிளைகளும் ஆழப் பற்றாதவை. 2013 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், தில்லி நகர மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்திற்குச் சிமெண்டை அகற்ற வேண்டுமென ஆணையிட்டது. அந்த ஆணைக்குக் காத்திராமல் நம் முற்றத்தில் நாமே அதைச் செய்ய என்ன தடை?

கதையின் மறுபாதி

இனி, அந்தப் புளிய மரக் கதையின் மறுபாதி. மரம் சாய்ந்த செய்தி பரவியதும் அச்சம் பரவியது. “இதுவும் விழும், அதுவும் விழும்” என்று குரல் எழுந்தது. ஒரு வாரத்திற்குள் அடுத்து நின்ற இரண்டு புளிய மரங்களும் வெட்டப்பட்டன. வாய்க்கால் அவற்றை விட்டு விலகிச் சென்றிருந்ததை எவரும் கவனிக்கவில்லை. நானும் ஆசாரியும் அந்த அடிக்கட்டைகளைப் போய்ப் பார்த்தோம். வெட்டுமுகத்தில் ஒரு சிறு துளையும் இல்லை. நடுமரம் கருங்காலியைப் போல் இறுகிக் கிடந்தது. ஆசாரி அதைத் தடவிப் பார்த்தார். அன்று அவர் ஒன்றும் பேசவில்லை.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்கு 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது அந்த முதியவரின் விரல்களே என் கண்முன் வந்தன. மரத்தைத் தொட்டு அறிந்தவர் அவர். நாமோ இரண்டு பிழைகளுக்கு நடுவே ஊசலாடுகிறோம். வேரை அறுத்த பிறகும் மரம் நிற்கும் என்று நம்புகிறோம். அது விழுந்த பின்னர், வேர் அறுபடாத மரத்தையும் அஞ்சி வெட்டுகிறோம். முதற்பிழைக்கு அறியாமை காரணம். இரண்டாவதற்கும் அதே அறியாமைதான் காரணம்.

மரம் நடுவது தர்மம் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. பறவையும் வழிப்போக்கரும் அதில் பயன் பெறும்வரை நட்டவருக்கு நன்மை சென்றுகொண்டே இருக்கும் என்பது நம் நம்பிக்கை. அப்படியாயின் சாலையோரப் புளி, பெயர் தெரியாத ஒருவர் நம் கையில் விட்டுச்சென்ற அமானிதம் அன்றோ? அதன் நிழலை அனுபவிக்கும் நாம், ஆண்டுக்கு ஒருமுறையேனும் குனிந்து அதன் காலடியைப் பார்ப்பது அந்த அமானிதத்திற்குச் செய்யும் மிகச் சிறிய கடமை.